வயதான இசை ஜாம்பவான்களின் கச்சேரியை நேரில் போய்ப் பார்ப்பது செலவுக்குத் தகுமா?

கேள்வி இதுதான்: எழுபது, எண்பது வயதைத் தாண்டிய பெரிய கலைஞர்கள் இன்னும் மேடை ஏறுகிறார்கள், டிக்கெட்டோ ஆயிரக்கணக்கில், குரலோ பழைய குரல் இல்லை, போகலாமா வேண்டாமா?

போகலாம். ஆனால் கலைஞரின் முகம் வெறும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இடம் கிடைத்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பணக்காரப் பேச்சாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுங்கள், காரணம் சொல்கிறேன்.

நான் இருப்பது பழனி மலையில், பண்ணைக்காடு பக்கம். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழைய பாட்டு என்றால் கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலைதான், 100.5. மலை உச்சியிலிருந்து வருவதால் கீழே பல மாவட்டங்களில் கேட்கும், எங்களுக்கோ வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும். காப்பிப் பழம் பறிக்கிற இடத்தில், டீக்கடையில், ஜீப்பில் எல்லாம் அதுதான். இதில் ஒரு சங்கடம் உண்டு. பி. சுசீலா 1935-ல் பிறந்தவர், ஆனால் ரேடியோவில் நாம் திரும்பத் திரும்பக் கேட்கிற அவருடைய பாட்டுகளில் பெரும்பகுதி இருபது, முப்பது வயதுகளில் பாடியவை. எந்தப் பழைய பாடகரை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான், அவர் வளர்ந்து மூத்துப்போனாலும் நம் காதில் அவருக்கு வயதே ஏறவில்லை. அந்தக் காதோடு போய் மேடையில் எண்பது வயதுக்காரரைக் கேட்டால் அவரை வேறு யாரோடும் ஒப்பிட மாட்டோம், அவருடைய முப்பது வயதோடுதான் ஒப்பிடுவோம். அந்தப் போட்டியில் யாரும் ஜெயிக்க முடியாது.

வயதானால் குரல்நாண்களின் தசை மெலிகிறது, வளைந்து கொடுக்கிற தன்மை குறைகிறது, நுரையீரலும் முன்போல மூச்சைப் பிடித்து வைக்காது. பொதுவாகப் பெண்களுக்குப் பேச்சுக் குரல் கொஞ்சம் தாழும், ஆண்களுக்குக் கொஞ்சம் ஏறும், ஆனால் உச்ச ஸ்தாயி இரண்டு பேருக்குமே எட்டாமல் போகிறது. சினிமாப் பாட்டு இந்த இடத்தில்தான் ஈவிரக்கம் இல்லாதது. அது ஒரு சுருதியில், ஒரு வேகத்தில், எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்பது வரை பதிவாகிவிட்டது. அதனால் மேடையில் என்ன செய்கிறார்கள்? கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிச் சுருதியை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்குகிறார்கள். சரணத்தை இளம் பாடகரிடம் கொடுக்கிறார்கள். மேலே போகிற வரி வந்தால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுகிறார்கள், நாமும் நம்மை மதித்துவிட்டார் என்று சந்தோஷமாகக் கத்துகிறோம். இதில் எதுவும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை, பாடுகிறவருக்கும் வேறு வழி கிடையாது. ஆனால் மைதானத்தின் கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து திரையில் இதைப் பார்ப்பதற்கு மலை இறங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எஸ்.பி.பி. மாதிரி சிலர் விதிவிலக்கு. 2020 செப்டம்பரில் 74 வயதில் மறைந்தார், அதற்குச் சில வருடங்கள் முன்பு கூட ஊர் ஊராக மேடைக் கச்சேரி செய்துகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டே பாடுகிற அந்தக் குழைவு என் காதுக்குக் குறையவே இல்லை. எஸ். ஜானகி வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார், 2016-ல் பாடியது போதும் என்று அறிவித்தார், 2017-ல் மைசூரில் ஒரு கச்சேரியோடு மேடையையும் முடித்துக்கொண்டார். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை. அதற்காக மற்றவர்களும் நிறுத்த வேண்டும் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம், பாடுவதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு.

இசையமைப்பாளர் என்றால் கணக்கே வேறு. இளையராஜா 1943-ல் பிறந்தவர், ஊர் எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான தேனியின் பண்ணைப்புரம், அதனால் எங்கள் ஆட்களுக்கு அவர் மேல் கொஞ்சம் சொந்தம் கொண்டாடுகிற பழக்கமும் உண்டு. 2025 மார்ச்சில், 81 வயதில், லண்டனில் தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றினார். அவருடைய வாத்தியம் தொண்டை இல்லை, எதிரே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும்தான். மேடையில் யாராவது தாளம் தவறினால் நடுவிலேயே நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார், அது ஊரறிந்த விஷயம். சிலருக்கு அது எரிச்சல். நான் அதற்காகவே போவேன், ஏனென்றால் எத்தனையோ வருடமாகக் கேட்ட பாட்டில் அந்த இரண்டாவது வயலின் என்ன செய்துகொண்டிருந்தது என்று அப்போதுதான் காதில் விழும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. வயதான கலைஞரைக் கேட்க வேண்டுமென்றால் கர்நாடகக் கச்சேரிக்குப் போங்கள். அங்கே சுருதி அவர் வைத்ததுதான், வேகம் அவர் வைத்ததுதான், எந்த ராகம் என்பதும் அவர் இஷ்டம், போட்டிக்கு நிற்கிற பழைய ரெக்கார்டு ஒன்று கிடையாது. செம்மங்குடி சீனிவாச ஐயர் 1908-ல் பிறந்து 2003-ல் மறைந்தார், எண்பது தாண்டியும் பாடிக்கொண்டிருந்தவர், அவருடையது எந்தக் காலத்திலும் தேன் குரல் கிடையாது, குறையுள்ள குரலை வைத்துக்கொண்டு எப்படிப் பாட வேண்டும் என்பதை இளமையிலேயே பழகியவர், அதனால் முதுமை அவரை அவ்வளவாக அசைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

மதுரை லட்சுமி சுந்தரம் ஹாலுக்கு மாமா என்னை ஒருமுறை கூட்டிப்போனார். பாடியவர் எண்பதை நெருங்கியவர், மேடைக்கு இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றிவிட்டார்கள், முதல் இரண்டு பாட்டில் குரல் பிசிறியது, நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மாமா முறைத்தார். அப்புறம் சஹானா ராகத்தை எடுத்தார். மேல் ஷட்ஜத்துப் பக்கம், அதாவது மேல் ஸ்தாயியின் 'ஸ' பக்கம், போகவே இல்லை. கீழேயும் நடுவிலுமாக, ராகத்தின் ஒரு சின்னத் துண்டைப் பாடிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருந்து, வயலின்காரர் அதை வாசித்து முடிக்கும் வரை தலையாட்டி, அடுத்ததை எடுத்தார். முப்பது வயதுக்காரர் அந்த இடைவெளியில் நாலு விதமாக மாற்றி மாற்றிச் சங்கதி போட்டிருப்பார். இவருக்கு மூச்சு இல்லை, அதனால் எது தேவையோ அதை மட்டும் பாடினார், ராகம் அதில் முழுசாக இருந்தது. ஒரு இடத்தில் குரல் வரவில்லை, கையால் அந்த வளைவைக் காட்டினார், மிருதங்கக்காரர் சிரித்துவிட்டார், முன்வரிசையில் இருந்த எங்களுக்கு அவர் பாடாத அந்த வளைவு கேட்டே விட்டது. பின்னால் இருந்தவர்களுக்கு வெறும் மௌனம்தான் கேட்டிருக்கும். கிட்டே உட்காருங்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்: வயதானவரிடம் மிச்சமிருப்பது நிதானமும் முகமும் கையும், அதெல்லாம் ஒலிபெருக்கியில் வராது.

வாத்தியக்காரர்கள் இன்னும் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். 1935-ல் பிறந்த உமையாள்புரம் சிவராமன் எண்பது கடந்தும் மிருதங்கம் வாசித்தவர். ரவிசங்கர் 2012 நவம்பரில், 92 வயதில், மூக்கில் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் மகளோடு சிதார் வாசித்தார், அடுத்த மாதமே மறைந்துவிட்டார்.

"இப்போது பார்க்காவிட்டால் இனி பார்க்க முடியாது" என்று டிக்கெட் வாங்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 2014-ல் போனபோது 45 வயது. எமன் பிறந்த தேதி பார்த்து வருவதில்லை. பிடித்திருந்தால் போங்கள், கடமைக்குப் போகாதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கச்சேரி முடிந்து திண்டுக்கல்லோ மதுரையோ விட்டு ராத்திரி மலை ஏற நினைக்காதீர்கள், வத்தலக்குண்டு தாண்டினால் பனி, வளைவில் காட்டுமாடு, ஓட்டுகிறவருக்கும் தூக்கம். சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் ஏறுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் டிக்கெட் விலையைப் பாருங்கள். வாங்குவதற்கு முன் அந்தக் கலைஞரின் சமீபத்திய கச்சேரியை யாராவது போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள், விளம்பர வீடியோவை நம்ப வேண்டாம், போனில் எடுத்ததில்தான் உள்ளபடி தெரியும். அதைக் கேட்டும் ஆசை குறையவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம்.

காசே செலவழிக்க முடியாது என்றால் தை மாதவாக்கில் வருகிற திருவையாறு தியாகராஜ ஆராதனைக்குப் போங்கள். டிக்கெட் கிடையாது, பெரிய வித்வான்கள் ஆளுக்குக் கொஞ்ச நேரம் பாடிவிட்டு இறங்குவார்கள், காவிரிக் கரையில் தரையில்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலிக்கிறவர்கள் மட்டும் ஒரு மடக்கு ஸ்டூல் எடுத்துப்போங்கள்.