நீச்சல் குளத்தில் அடிபட்டால்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: ஆழம் குறைந்த பக்கத்தில் தலைகீழாகப் பாய்ந்த என் மகனுக்குத் தலை தரையில் இடித்துவிட்டது. தானே ஏறி வந்துவிட்டான். கழுத்து வலி மட்டும் இருக்கிறது. இரண்டு நாள் பார்க்கலாமா?

பதில்: ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். தலை தரையில் முட்டி நின்றுவிடும்போது, பின்னால் வரும் உடலின் வேகம் முழுவதையும் கழுத்துதான் தாங்குகிறது. அதனால்தான் இத்தகைய விபத்துகளில் கழுத்து முள்ளெலும்புகள், குறிப்பாக ஐந்தாவதும் ஆறாவதும், அதிகம் முறிகின்றன. எலும்பு முறிந்தும் அதனுள் செல்லும் தண்டுவடம் தப்பியிருந்தால் அடிபட்டவர் நடப்பார், பேசுவார். ஆனால் முறிந்த எலும்பு பின்னர் விலகித் தண்டுவடத்தை நசுக்கினால் கைகால்கள் செயலிழந்துவிடலாம். மகனை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை அசைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். கழுத்தை நீவிவிடுவதோ சொடுக்கு எடுப்பதோ கூடவே கூடாது.

அடிபட்டவர் நீருக்குள்ளேயே குப்புறக் கிடந்தால், அவருடைய இரு கைகளையும் தலைக்கு மேலே நீட்டி, அந்தக் கைகளாலேயே தலையை இருபுறமும் அணைத்துப் பிடித்தபடி, தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் இருக்குமாறு திருப்பி முகத்தை மேலே கொண்டுவர வேண்டும். மூச்சு இருந்தால், பயிற்சி பெற்றவர்கள் பலகையோடு வரும்வரை அப்படியே மிதக்கவிடலாம். மூச்சு இல்லையென்றால் கழுத்தைப் பற்றிய கவலை இரண்டாம்பட்சம், உடனே கரையேற்றுங்கள்.

ஆழம் 9 அடிக்குக் குறைவாக இருந்தால் கால் முதலில் நீரில் படும்படி இறங்குங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இதையே அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் கழுத்து முறிவு நீச்சல் திறமையைப் பார்த்து வருவதில்லை.

கேள்வி: மூழ்கியவரைத் தூக்கியதும் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். வயிற்றை அழுத்தினால் அதிலுள்ளவை மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொன்னான நிமிடங்களும் வீணாகும். மூழ்கியவரின் இதயம் பெரும்பாலும் பிராணவாயு இல்லாமல்தான் நின்றுபோகிறது என்பதால், இங்கே முதல் தேவை காற்று. மூச்சு இல்லையென்றால் உதவிக்கு ஆளை அழைத்துவிட்டு, மூக்கை மூடி வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை என்ற வேகத்தில், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், 30 முறை அழுத்தி 2 முறை மூச்சு கொடுப்பதைத் தொடருங்கள். வாயில் நுரை வந்தால் அதைத் துடைப்பதற்காக நிறுத்த வேண்டாம்.

கேள்வி: நீருக்கடியில் நெடுந்தூரம் செல்வதற்காக, என் தம்பி வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு மூழ்குகிறான். இது சரியான பயிற்சியா?

பதில்: உயிரைப் பறிக்கக்கூடிய பழக்கம், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைத் தூண்டுவது இரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சிழுத்து விடும்போது அந்த வாயு குறைந்துவிடுகிறதே தவிர, பிராணவாயு குறிப்பிடத்தக்க அளவில் கூடுவதில்லை. எனவே தவிப்பு வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, முன்னறிவிப்பு எதுவுமின்றி நீருக்குள்ளேயே மயங்கிவிடுவான். கரையில் இருப்பவர்கள் அவன் இன்னும் மூச்சடக்கிக்கொண்டிருப்பதாகவே நினைப்பார்கள். இதில் சிக்குபவர்களில் பலர் தேர்ந்த நீச்சல்காரர்கள் என்பதுதான் என்னை வருத்துகிறது.

கேள்வி: தண்ணீரைக் குடித்துவிட்டு இருமிய குழந்தை, சில நாள் கழித்துத் திடீரென இறந்துபோகுமா?

பதில்: எந்தத் தொந்தரவும் இல்லாமல் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, நாள்கள் கழித்து இதனால் இறப்பதில்லை, அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். நுரையீரலுக்குள் நீர் போயிருந்தால் அறிகுறிகள் சில மணி நேரத்துக்குள் தெரியும். விடாத இருமல், வேகமான மூச்சு, விலா உள்வாங்குதல், வழக்கத்துக்கு மாறான தூக்கக்கலக்கம், உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஈரத்தரையில் வழுக்கிப் பின்மண்டையில் அடிபட்டது. சிறிது தலைசுற்றல் மட்டுமே. மீண்டும் நீந்தலாமா?

பதில்: இன்று கூடாது. கரையில் மயக்கம் வந்தால் உட்கார்ந்துகொள்ளலாம், நீருக்குள் அதற்கு வழியில்லை. தலைசுற்றல் மூளை அதிர்ச்சியின் அடையாளமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரைப் பார்த்து, அவர் அனுமதித்த பிறகே குளத்தில் இறங்குங்கள். தலைவலி கூடினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: குளத்தின் விளிம்பில் மோதி மகளின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டால்?

பதில்: பால்பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. நிலைத்த பல்லாக இருந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, அதே குழியில் வைத்துத் துணியைக் கடித்துக்கொள்ளச் செய்யுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். குளத்து நீரிலோ குழாய் நீரிலோ ஊறவைத்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் அழிந்துவிடும்.