கடைமடைக்கு வந்த கிட்டார்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு 53 வயது. பத்து மா நிலமும் ஒரு உரக்கடையும் வைத்திருக்கிறேன். திருச்சியில் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் லெட் ஜெப்ளின், பிங்க் ஃபிளாய்ட், டீப் பர்ப்பிள் என்று ஆங்கில ராக் குழுக்கள் மேல் பைத்தியமாகக் கிடந்தவன். இன்றைக்கும் வயலுக்குப் போகும்போது காரில் அதே இருபது பாட்டுதான் ஓடுகிறது. புதிதாக எதைப் போட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க முடிவதில்லை. என் மகள் க்ருவாங்பின் என்று ஒரு குழுவைக் கேட்கிறாள். மூன்றே பேர், பாதிப் பாட்டில் யாரும் வாயே திறப்பதில்லை. "லிஃப்டுக்குள்ள போடுற மியூசிக் மாதிரி இருக்கே" என்றேன். "உங்க காதுக்கு வயசாயிடுச்சுப்பா" என்கிறாள். முப்பது தாண்டினால் யாருக்கும் புது இசை இறங்காது என்று நண்பர் ஒருவரும் சொல்கிறார். அப்படியா? நம் காலத்து ராக் மாதிரி இனி வராதா? வரும் என்றால் எங்கே போய்த் தேடுவது?

ரா., பாபநாசம்

அன்புள்ள ரா.,

'நம் காலத்து ராக்' என்று எழுதியிருக்கிறீர்களே, சண்டையை அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் ஹாஸ்டலுக்குப் போனது 1990 வாக்கில் இருக்கும். ஜெப்ளினின் டிரம்மர் ஜான் போனம் செத்துப்போய் அந்தக் குழு கலைந்தது 1980-ல். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' தொகுப்பு வெளியான 1973-ல் நீங்கள் தவழ்ந்துகொண்டு இருந்திருப்பீர்கள். இதெல்லாம் நம் காலத்துப் பாட்டே இல்லை. மேட்டூரில் திறக்கிற அன்றைக்கே கடைமடையில் தண்ணீர் பார்த்தவன் உண்டா? லண்டனில் திறந்ததும் அப்படித்தான், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து நம்மிடம் வந்தது. வந்த அன்று யாரும் தேதி கேட்கவில்லை. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நான் கும்பகோணத்தில் படித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கேசட் பதிவுக் கடை இருந்தது. கூடப் படித்தவன் வீட்டில் சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்த கேசட்டுகளைக் கொடுத்து, எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்போம். கடைக்காரர் உறையில் இரண்டே வகை எழுதுவார்: 'இங்கிலீஷ் – மெதுவா', 'இங்கிலீஷ் – கத்தல்'. ஜெப்ளினின் 'வென் த லெவி பிரேக்ஸ்' இரண்டாவது வகை. ஒரு பக்கத்தின் கடைசியில் அதைப் போட்டிருந்தார். ஏழு நிமிடப் பாட்டு, நாலாவது நிமிடத்தில் டேப் தீர்ந்துவிட்டது. அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டே அவ்வளவுதான், வேண்டுமென்றே வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதைப் பெரிய கலை நுணுக்கம் என்று இரண்டு மூன்று பேரிடம் விளக்கமும் சொல்லியிருக்கிறேன்.

அந்த டிரம்ஸ் எனக்கு அந்நியமாகவே இல்லை. கோயில் பிராகாரத்தில் கல் தளத்துக்கு நடுவே நின்று தவில் கேட்டு வளர்ந்தவனுக்கு எப்படி அந்நியமாகும்? அடி ஒரு பக்கம் விழும், அதன் எதிரொலி தூணில் முட்டி இன்னொரு அடியாகத் திரும்பி வரும். போனமும் அப்படி ஓர் இடத்தில்தான் வாசித்திருக்கிறார். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் படிக்கட்டுக் கூடத்தில், டிரம்ஸைக் கீழே வைத்து, மைக்கை மேலே தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். இது தெரிந்தபோது, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவிலை அந்தப் படிக்கட்டுக்குக் கீழே உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

முழுப் பாட்டை நான் கேட்டது பத்து வருஷம் கழித்து, சென்னையில் சிடி வாங்கிய பிறகு. மிச்சம் மூன்று நிமிடமும் எனக்குப் புத்தம் புதுசு! சிடி உறையில் பாட்டை இயற்றியவர்கள் பெயர் இருந்தது. நான்கு வெள்ளைக்காரர்களுக்கு அடுத்து மெம்ஃபிஸ் மின்னி என்று ஒரு பெண் பெயர். யார் இந்த அம்மா?

தேடினால், மின்னி கறுப்பினப் பெண், கிட்டாரில் கெட்டிக்காரி. 1929-ல் கணவர் கேன்சஸ் ஜோ மெக்காய் பாட, மின்னியும் சேர்ந்து கிட்டார் வாசித்துப் பதிவான பாட்டு அது. 1927-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊர் ஊராக மூழ்கடித்ததைப் பற்றியது. லெவி என்றால் வெள்ளத்தைத் தடுக்க ஆற்றோரம் போடும் கரை. நம் ஊரில் சொல்வோமே, உடைப்பு எடுத்துவிட்டது என்று, அதுதான் சங்கதி. எங்கள் ஊர் கொள்ளிடத்தை ஒட்டியது. தாத்தா எதற்கெடுத்தாலும் 'இருபத்துநாலு வெள்ளத்துக்கு முன்னே', 'வெள்ளத்துக்குப் பின்னே' என்றுதான் கணக்குச் சொல்வார், 1924 வெள்ளத்தை. லாந்தரோடு கரைக்காவலுக்குப் போனவர்கள், மணல் மூட்டை, தண்ணீர் ஏறுகிற சத்தம், எல்லாம் கேட்டு வளர்ந்த கதை. அங்கே மூட்டை சுமந்து கரையைக் காக்க நிறுத்தப்பட்டவர்கள் கறுப்புத் தொழிலாளர்கள். இங்கே யார் சுமந்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 'கத்தல்' என்று எழுதிக் கொடுத்த கேசட்டுக்குள் எங்கள் ஊர்க் கதையே இருந்திருக்கிறது. மின்னியின் பதிவில் கத்தலே இல்லை. இரண்டு கிட்டார், ஒரு குரல், அவ்வளவுதான்.

அப்புறம் வண்டி நிற்கவில்லை. மிசிசிப்பி பாட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டே போனால் ஆப்பிரிக்காவில் மாலி நாட்டு அலி ஃபார்கா தூரேயிடம் கொண்டுபோய் விடுகிறது. நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊர். கிராமி விருதெல்லாம் வாங்கியவர், ஆனால் தன்னை விவசாயி என்றே சொல்லிக்கொண்டார். 1999-ல் வந்த 'நியாஃபுங்கே' தொகுப்பை அந்த ஊரிலேயே ஜெனரேட்டர் வைத்துப் பதிவு செய்தார்கள். பாட்டில் வந்த காசை ஊர் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போட்டார். 2004-ல் ஊருக்கு மேயர், 2006-ல் மறைந்தார். அவர் கிட்டார் ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வரும், ஏற்றம் இறைப்பது மாதிரி. முதல் தடவை எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நாலாவது தடவைதான் உள்ளே போனது. இரண்டு நிமிடத்தில் நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள் பாருங்கள், கோளாறு காதில் இல்லை. ஹாஸ்டலில் கேசட் ஒன்றுதான் இருந்தது, அதனால் முப்பது தடவை கேட்டீர்கள். இப்போது கட்டைவிரலுக்குக் கீழே கோடிப் பாட்டு. பிடிக்காததை யார் இரண்டாம் தடவை கேட்பார்கள்?

செல்போன் சொல்லும் சிபாரிசை நான் அதிகம் நம்புவதில்லை. நேற்றுக் கேட்டதற்குச் சித்தப்பா மகனாகப் பார்த்துக் கொண்டுவந்து நிறுத்தும். பிடித்த பாட்டை யார் இயற்றியது, அவர்கள் யாரிடம் கற்றார்கள், கூட யார் வாசித்தார்கள் என்று போனால் நல்ல ஆட்கள் கிடைக்கிறார்கள். எனக்கு அது போதும். தமிழிலும் கேளுங்கள். 2018-ல் மேடையேறிய சென்னைக் குழுவான த கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் கானாவை ஒரு பாட்டாவது சத்தமாக வைத்து. கர்நாடக ராகத்தை எலக்ட்ரிக் கிட்டாரில் வேகமாக இழுத்துவிட்டு ராக் என்கிற குழுக்களை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது என் வீம்பு, விட்டுவிடுங்கள்.

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். அலியின் மகன் வியூ ஃபார்கா தூரேயும் கிட்டார்க்காரர். 2022-ல் அப்பாவின் பாட்டுகளை எடுத்து 'அலி' என்றே ஒரு தொகுப்பு போட்டார். கூட வாசித்தவர்கள் டெக்சாஸ்காரர்கள் மூன்று பேர். பழைய தாய்லாந்துப் பாட்டுகளில் கிறங்கி, தாய் மொழியில் விமானம் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டவர்கள். க்ருவாங்பின்.

லிஃப்ட் மியூசிக் என்றீர்களே, அதே ஆட்கள்தான். அடுத்த தடவை மகளோடு காரில் போகும்போது அதைப் போடுங்கள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களாகவே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.