கழற்றிய சாமானுக்குக் கறண்ட் கொடுத்துப் பார்ப்பது: கேள்வி பதில்

கோண்டாவில் தம்பி: அண்ணை, வயர் நுனியை உரித்து பிளக் ஓட்டைக்குள் வைத்து தீக்குச்சியால் இறுக்கித்தான் நாங்கள் சோதிக்கிறனாங்கள். அதில் என்ன பிழை?

இன்றோடு விடுங்கள் தம்பி. கால் தட்டுப்பட்டால் வயர் கறண்டோடு கழன்று மடியில் விழும், எர்த்தும் கிடையாது. மூன்று கோர் வயர் ஒன்று எடுத்து ஒரு முனையில் 3 அம்பியர் பியூஸ் போட்ட 13 அம்பியர் பிளக், மறுமுனையில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் கனெக்டர் போடுங்கள். பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். முதலில் எர்த்தை சாமானின் உடம்பில் இறுக்கி, மற்ற இரண்டையும் பூட்டி, மூடியைப் போட்ட பிறகுதான் பிளக்கைக் குத்த வேண்டும்.

சாவகச்சேரியிலிருந்து ஒருவர்: சீரிஸ் பல்ப் போட்டால் பயமில்லையா? எல்ஈடி சரிவருமா?

எல்ஈடி வேண்டாம், அது சின்னக் கசிவுக்கே மினுங்கி ஆளை ஏமாற்றும். பழைய 100 வாட் இழை பல்பை லைனில் தொடராகப் போடுங்கள். உள்ளே ஷோட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், கறண்ட் அரை அம்பியருக்கு மேல் போகாது, வயர் தப்பும். ஆனால் பலர் பிழைவிடும் இடம் இதுதான்: 1000 வாட் அயர்ன் நல்ல நிலையில் இருந்தாலும் பல்ப் கிட்டத்தட்ட முழுதாகத்தான் எரியும், ஷோட் என்று நினைத்து நல்ல எலிமென்டை எறிந்துவிடுவார்கள். அதனால் பிளக் கழன்றிருக்கும்போதே ஓம் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், அந்த அயர்னுக்கு 53 ஓம் அளவில் காட்ட வேண்டும். இன்னொன்று, பல்ப் காப்பது வயரைத்தான், உங்களை இல்லை. கறண்ட் கசிந்தால் தானாக நிற்பாட்டும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் விழுவது அதைவிடக் கூடினால் உயிருக்கு ஆபத்து என்பதால்தான், பல்போ அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் விடும்.

வட்டுக்கோட்டை அக்கா: றைஸ் குக்கர் போட்டவுடன் ட்ரிப் விழுகிறது. எர்த்தைக் கழற்றினால் வேலை செய்கிறது, அப்படியே பாவிக்கலாமா?

ஐயோ, வேண்டாம் அக்கா. கறண்ட் குக்கரின் உடம்புக்குக் கசிகிறது என்றுதான் ட்ரிப் சொல்கிறது. எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது, ஈரக் கையோடு தொடுபவர் வழியாக இறங்கும். எர்த்தைத் திரும்பப் பூட்டிவிட்டு, தெரிந்த ஒருவரிடம் கொடுத்து 500 வோல்ட் மெகரில் (கசிவு பார்க்கும் இன்சுலேஷன் மீட்டர்) பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் உடம்புக்கும் இடையில் குறைந்தது 1 மெகாஓம் வேண்டும், சாதாரண மீட்டரில் இந்தக் கசிவு பலவேளை தெரியாது. எலிமென்ட் ஈரம் குடித்திருந்தால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் பார்க்கலாம், அதற்குப் பிறகும் குறைவென்றால் மாற்றத்தான் வேண்டும்.

நல்லூரிலிருந்து: மைக்ரோவேவ்?

மூடியைக் கழற்றவே வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் கறண்ட் தேங்கி நிற்கும்.

அதே தம்பி: சுவிட்சை நிப்பாட்டி ரெஸ்ரரும் எரியவில்லை என்றால் தொடலாம்தானே?

இல்லை. பழைய வீட்டு வயரிங்கில் லைனும் நியூட்ரலும் மாறியிருந்தால் சுவிட்ச் ஓஃப் ஆனாலும் சாமானுக்குள் லைன் நிற்கும், ரெஸ்ரருக்குள் இருக்கும் சின்ன நியோன் பல்ப் பழுதாகியிருந்தால் அதுவும் காட்டாது. பிளக்கை இழுத்து உங்கள் கண்ணுக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டுக் கையை வையுங்கள்.