ஜிம் வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது யார்?

கேள்வி: கிருஷ்ணகிரியில் பெங்களூரு சாலைப் பக்கம் ஜிம் நடத்துகிறேன். முந்நூறுக்குக் கொஞ்சம் மேலே மெம்பர்கள். ராத்திரி கடை பூட்டிய பிறகுதான் வாட்ஸ்அப்பில் கேள்விகள் குவிகின்றன. ஏஐ உதவியாளர் போட்டுத் தருகிறேன், எல்லாம் தானே கற்றுக்கொள்ளும் என்கிறார் ஒரு மென்பொருள் வியாபாரி. பயிற்சிக் கட்டணம் தனியாம். வாங்கலாமா?

பதில்: "தானே கற்றுக்கொள்ளும்" என்பதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். சிறு தொழில்களுக்கு விற்கப்படும் உதவியாளர்களில் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஏற்கெனவே தயாரான ஒரு மொழி மாதிரி, அதாவது ஏராளமான எழுத்தில் பழக்கப்பட்டு, கேட்டதற்குப் பதில் எழுதும் மென்பொருள். உங்களுக்காக யாரும் அதைப் புதிதாகப் பழக்குவதில்லை. நீங்கள் எழுதித் தரும் விதிகளையும் விலைப்பட்டியலையும் அதன் முன் வைப்பார்கள், அதைப் பார்த்துப் பதில் சொல்லும். அதில் இல்லாததைக் கேட்டால், "விசாரித்துச் சொல்கிறோம்" என்று நிறுத்தச் சொல்லியிருந்தால் ஒழிய, பொருத்தமாகத் தோன்றுவதைக் கொஞ்சமும் தயங்காமல் இட்டுக்கட்டிவிடும். ஆகவே பயிற்சிக் கட்டணம் எந்த வேலைக்கு என்று கேளுங்கள். உண்மையான வேலை உங்கள் தலையில்தான் விழப்போகிறது.

கடந்த சில மாத உரையாடல்களை எடுத்து, பெயர், எண்களை அழித்துவிட்டுப் படியுங்கள். பீஸ் எவ்வளவு, லேடீஸ் டைம் எப்போது என்பதெல்லாம் சுலபம். "பெங்களூருல வேலை கிடைச்சிருச்சு, மீதி மாசத்தை தம்பி பேருக்கு மாத்தலாமா?", "ரம்ஜான் மாசம் முழுக்க நிறுத்தி வைக்கலாமா?" போன்றவைதான் சிக்கல். இவற்றுக்குக் கவுன்ட்டரில் காலையில் இருப்பவர் ஒன்று, மாலையில் இருப்பவர் ஒன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். முதலில் முதலாளி நீங்கள் ஒரு முடிவெடுத்து எழுதுங்கள். பழைய புத்தாண்டு ஆஃபர் நோட்டீஸ் உதவியாளருக்குத் தரும் கோப்பில் கிடந்தால், ஆடி மாதத்திலும் அந்த விலையைச் சொல்லிவிடும். பொங்கல், ஆயுத பூஜை நேர மாற்றத்தைப் பலகையில் எழுதினால் போதாது, அதற்கும் சொல்ல வேண்டும்.

பணம் திருப்பித் தருவது, தள்ளுபடி, முட்டிவலி, பி.பி., புரோட்டீன் பவுடர் ஆகிய விஷயங்களில் அது வாயைத் திறக்கவே கூடாது. நேராக உங்களுக்கோ மாஸ்டருக்கோ தள்ளிவிட வேண்டும். பேசுவது இயந்திரம் என்பதை முதல் வரியிலேயே சொல்லட்டும். இப்படி உதவியாளரை மாட்டும் வாட்ஸ்அப்பின் வணிக இணைப்பில், வாடிக்கையாளர் கடைசியாக எழுதிய 24 மணி நேரத்துக்குள்தான் இஷ்டப்படி பதில் எழுத முடியும். அதன் பிறகு வாட்ஸ்அப்பிடம் முன்பே அனுமதி வாங்கிய வாசகங்கள் மட்டுமே போகும். ராத்திரி உங்களிடம் தள்ளப்பட்ட புகாரை மறுநாளே பார்க்க ஆள் வேண்டும் என்பது இதனால்தான்.

வாங்கும் முன், வியாபாரி காட்டும் மாதிரிக் கேள்விகளை விட்டுவிட்டு உங்கள் மெம்பர்கள் எழுதிய கேள்விகளையே போட்டுப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ், நடுவில் தெலுங்கோ கன்னடமோ கலந்தது, கோபத்தில் திட்டியது எல்லாம் அதில் இருக்கட்டும். ஒப்பந்தம் முடிந்தால் மெம்பர்களின் தகவல் யார் கையில் இருக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், முந்நூறு மெம்பர்களுக்கு இது கொஞ்சம் அதிகம். இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே குயிக் ரிப்ளையும், கடை மூடிய நேரத்துக்கான தானியங்கிப் பதிலும் உண்டு. எழுதி வைத்த விதிகளை முதலில் அதில் ஏற்றிப் பாருங்கள்.

கேள்வி: தருமபுரியில் ஒரு ஜிம்மில் ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறேன். தங்கை கல்யாணத்துக்காக ஒரு மாதம் நிறுத்தினால் அந்த மாதம் கடைசியில் சேரும் என்று அவர்களுடைய சாட்பாட் (தானாகப் பதில் எழுதும் மென்பொருள்) சொன்னது. இப்போது, "அது மிஷின் சொன்னது, எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறார்கள்.

பதில்: அவர்கள் எண்ணிலிருந்து வந்த பதிலுக்கு அவர்கள்தான் பொறுப்பு. இதே வாதத்தை ஏர் கனடா விமான நிறுவனம் வைத்துப் பார்த்தது. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்தவருக்கு, சலுகைக் கட்டணத்தைப் பிறகு கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அதன் சாட்பாட் 2022-இல் தவறாகச் சொன்னது. சாட்பாட்டின் செயலுக்குச் சாட்பாட்டே பொறுப்பு, நிறுவனம் அல்ல என்ற வாதத்தை 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் தள்ளிவிட்டு, பயணிக்குச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னது. நம் ஊர் நுகர்வோர் ஆணையத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் வாதமாக வைக்கலாம்.

உரையாடலை ஒரு வரியாக வெட்டாமல் முழுதாக, தேதி தெரியும்படி எடுத்து வையுங்கள். ஃபோனிலிருந்து அழிக்காதீர்கள். அதை இணைத்து ஜிம்முக்கு எழுத்தில் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு மாதச் சந்தாவுக்காக என்றால், நான் 1915-ஓடு முடிக்கத்தான் பார்ப்பேன்.

கேள்வி: ஓசூரில் ஜிம்மை விட்டு நின்றுவிட்டேன். யுபிஐ ஆட்டோபேயில் மாதாமாதம் பணம் போகிறது. நிறுத்தச் சொன்னால் சாட்பாட் வேறு பிளான்களையே காட்டுகிறது.

பதில்: அதனிடம் கெஞ்ச வேண்டாம். உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீங்களே ரத்து செய்யலாம், ஜிம்மின் சம்மதம் தேவையில்லை. விலகிய தேதியை எழுத்தில் தெரிவித்து, அதற்குப் பின் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது 2023 நவம்பர் 30-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட உத்தி. அந்தக் கடிதத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.