மலிவு பிளின்ட்லாக்கை விற்றுவிடலாமா?

வணக்கம் நண்பரே. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் மான் வேட்டைக்காக விலை குறைந்த பிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய பாணித் துப்பாக்கி) ஒன்றை வாங்கியதாகவும், மூன்று தடவைக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது, விற்றுவிடட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அவசரப்படாதீர்கள். மலிவுத் துப்பாக்கியிலும் குழல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காசை மிச்சம் பிடிப்பது பூட்டில்தான், அதாவது பொறி கிளப்பும் அமைப்பில். குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு, இருட்டறையில் குதிரையை, அதாவது கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை, தட்டிப் பாருங்கள். பொறி வெள்ளையாக, கொத்தாக, குழலின் பக்கத்தில் மருந்து வைக்கும் கிண்ணிக்குள் விழ வேண்டும். சிவப்பாக இரண்டு மூன்றுதான் வருகிறதா? முதலில் கல்லை மாற்றுங்கள். கையால் கொத்திய சிக்கிமுக்கிக் கல்லைத் தோல் துண்டில் சுற்றி இறுக்குங்கள். அப்படியும் பொறி வராவிட்டால் கல் உரசும் எஃகுத் தகட்டில் கடினம் போதவில்லை. அதை மட்டும் மறுபடி பதப்படுத்தலாம்.

சரி, வெடிமருந்து என்ன போடுகிறீர்கள்? நான் ஆரம்பத்தில் பைரோடெக்ஸ் என்ற மாற்று மருந்தைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அது பற்ற அதிக வெப்பம் வேண்டும். பிளின்ட்லாக்குக்கு அசல் கருமருந்துதான். குழலுக்கு மூன்று எஃப், கிண்ணிக்கு நான்கு எஃப் (எஃப் கூடக் கூட மருந்து பொடியாக இருக்கும்), அதுவும் கிண்ணியில் பாதி அளவு போதும். கிண்ணியிலிருந்து குழலுக்குத் தீ போகும் பக்கத்துத் துளையை மருந்தால் அடைத்தால் திரிபோல எரிந்து தாமதமாகத்தான் வெடிக்கும். கம்பியால் குத்திச் சுத்தமாக வையுங்கள்.

வெடிக்காதபோது உடனே குனிந்து பார்க்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே காட்டியபடி ஒரு நிமிடம் பொறுங்கள்.

கல்லுக்குப் பதில் கேப் (அடித்தால் பற்றும் சிறு மூடி) வைத்துச் சுடும் பூட்டு சுலபம்தான், ஆனால் 1974-இல் தொடங்கிய அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய வேட்டைப் பருவத்தில் அது செல்லாதே! அப்புறம், சுட்ட அன்றே குழலை வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் போடுங்கள்.