சம்பள உயர்வு: வாசகர் கேள்வி பதில்

மூன்று வருடமாகச் சம்பளம் ஏறவில்லை. எவ்வளவு கூட்டிக் கேட்கலாம்? (கணக்காளர், செந்தூல்)

இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள் என்றே எழுதவில்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? இதே வேலைக்கு வரும் விளம்பரங்களில் பத்தையாவது பாருங்கள். அப்புறம் போய் ஒரே ஓர் எண்ணைச் சொல்லுங்கள். “நீங்களே பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்” என்றால், பார்ப்பார், போட மாட்டார்.

புதிய கம்பெனியில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். 500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கூட்டிச் சொல்லலாமா? (பெட்டாலிங் ஜெயா)

கூடாது. அடுத்து சேமநிதி (EPF) அறிக்கையைக் கேட்பார்கள். அதை வைத்து உங்கள் சம்பளத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியன். சம்பளம் 2,600 வெள்ளி. 400 உயர்வு கேட்டேன். அடிப்படைச் சம்பளத்தில் 100, பயண அலவன்ஸ் 300 என்று கடிதம் தந்தார்கள். கேட்டது கிடைத்த மாதிரிதானே?

இல்லை தம்பி. மனிதவளப் பிரிவில் மேசைக்கு அந்தப் பக்கம் 25 வருடம் உட்கார்ந்தவன் நான். இப்படிப் பிரித்துப் போட்ட கடிதங்களை நானே டைப் செய்திருக்கிறேன். கையெழுத்துப் போடுகிறவர் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போவார். இன்றைக்கும் அந்த முகங்கள் ஞாபகம் இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். பயண அலவன்ஸுக்குச் சேமநிதி கிடையாது. உங்கள் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு; 300 வெள்ளிக்கு மாதம் ஏறக்குறைய 40 போச்சு. ஓவர்டைம் கணக்கிலும் பயண அலவன்ஸ் சேராது. 300-ஐ 26 நாளால், பிறகு 8 மணியால் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் மணிக்கு இரண்டு வெள்ளிக்கு மேல். மாதம் 40 மணி நேரம் ஓவர்டைம் செய்கிறவருக்கு இன்னொரு 85. போனஸை அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடும் கம்பெனி என்றால் அங்கேயும் அடி.

அந்த 300-இல் உங்கள் சேமநிதிப் பங்கான 11 விழுக்காட்டைப் பிடிக்க மாட்டார்கள், கையில் கொஞ்சம் கூடவே வரும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். நாளைக்கு வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டால் முதலில் போவது அலவன்ஸ்தான்.

கடிதத்தைத் திருப்பிக் கொண்டுபோய், அடிப்படையில் 300, அலவன்ஸ் 100 என்று மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் எந்த மாதத்தில் அலவன்ஸை அடிப்படையோடு சேர்ப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். இதை மாதாமாதம் எழுதி எனக்கே அலுத்துவிட்டது.

மஸ்ஜிட் இந்தியா துணிக்கடையில் 1,500 வெள்ளி. முதலாளி மதியச் சாப்பாடு போடுகிறார். கூட்டிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இதில் பேரம் பேச ஒன்றுமே இல்லை அம்மா. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைக்கும் அதுதான். அது அடிப்படைச் சம்பளம். சாப்பாட்டை அதில் கழிக்க முடியாது. பக்குவமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மசியவில்லை என்றால் சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். சீட்டே தருவதில்லை என்றால் அதையும் புகாரில் சேருங்கள்.

சம்பளம் கூட்டாவிட்டால் ராஜினாமா என்று மிரட்டலாமா? (ஜோர்ஜ்டவுன்)

வேறு வேலைக்கான கடிதம் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் வாயைத் திறக்காதீர்கள்.