அத்தையிடம் டிக்கெட் இருந்தது, என்னிடம் இல்லை

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 2020 ஜூன் இரண்டாம் வாரத்தில், கொரோனா ஊரடங்கின்போது, வேலூரில் மருத்துவப் பரிசோதனைக்குப் போகவிருந்த என் அத்தையைக் காட்பாடி சிறப்பு ரயிலில் ஏற்றிவிடச் சேலம் ஜங்ஷனுக்குக் காரில் அழைத்து வந்தேன். அவருக்கு 71 வயது. டிக்கெட்டும், ஊரடங்கில் வெளியூர் செல்ல அரசு தந்த இ-பாஸும் அவரிடம் இருந்தன. பெட்டியைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றுவிட்டார். எனவே நானும் பிளாட்பாரம் வரை போனேன். ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்டித்து வெளியே அனுப்பினார்கள். திரும்பும் வழியில் போலீசார் காரை நிறுத்தி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188, 269 பிரிவுகளில் வழக்குப் பதிந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கார் கிடைத்தது. அதற்குப் பிறகு சம்மன் எதுவும் வரவில்லை. இப்போது மகளைப் பார்க்க வெளிநாடு போகப் பாஸ்போர்ட் கேட்டால், வழக்கு இருக்கிறது என்கிறார்கள். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் முடிந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள் ஐயா. முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால் நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானிக்கிறது என்று பொருள். தொகை சில நூறு ரூபாயாக இருக்கலாம். ஆனால் தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கும் விண்ணப்பம் எதுவானாலும், விசா படிவம் உட்பட, 'ஆம்' என்று எழுத வேண்டிவரும். இந்த யோசனையைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பின்னால் அந்தப் படிவங்களை நிரப்பப்போவது அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

அன்று நீங்கள் செய்ததில் எது சரி, எது தவறு? 2020 மே 11 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் ரயில் பயணத்துக்கான நடைமுறையை வெளியிட்டது. உறுதியான இ-டிக்கெட் வைத்திருப்பவர் மட்டுமே நிலையத்துக்குள் நுழையலாம்; நோய் அறிகுறி இல்லாதவர் மட்டுமே ரயில் ஏறலாம்; முகக்கவசம் கட்டாயம். வழியனுப்ப வந்தவருக்கு அதில் இடமே இல்லை. முதியவருக்குத் துணையாக வருபவருக்கும் தனி விலக்கு எழுதப்படவில்லை. இது எனக்கு அப்போதே உறுத்திய குறை. டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு 71 வயதுப் பெண்மணியும் அவர் பெட்டியும் கண்ணில் படவில்லை போலும்.

ஆனால் அதே உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. பயணியை நிலையத்துக்கு அழைத்துவரும், அங்கிருந்து அழைத்துச்செல்லும் வாகனத்தின் ஓட்டுநரும் அந்த டிக்கெட்டை அடிப்படையாகக் கொண்டே சாலையில் செல்லலாம் என்கிறது அது. உங்கள் அத்தையின் டிக்கெட் சாலையில் உங்களுக்கும் அனுமதிச் சீட்டாக இருந்தது. அவரை இறக்கிவிட்டு வெறும் காருடன் மலையேறத் திரும்பியபோதும் அது செல்லும். ஒரே சிக்கல், அப்போது டிக்கெட் அத்தையின் செல்பேசியோடு காட்பாடி நோக்கிப் போய்க்கொண்டிருந்தது! போலீசார் கேட்டதும் காட்ட உங்களிடம் ஒன்றுமில்லை. ஒரு நகலை உங்கள் செல்பேசியில் வைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

மாவட்டம் தாண்டியதாகவும் யாரும் சொல்ல முடியாது. ஏற்காடும் சேலம் மாவட்டம்தான். அப்போது மாவட்டங்களைச் சேர்த்து மண்டலங்களாகப் பிரித்திருந்தார்கள்; அந்த வாரம் ஒரே மண்டலத்துக்குள் செல்ல இ-பாஸ் தேவைப்படவில்லை. சேலத்திலிருந்து வேறு மண்டலமான வேலூருக்குப் போன அத்தைக்குத்தான் அது தேவை. அது அவரிடம் இருந்தது. ஆக, உங்கள் தவறு வாசலிலிருந்து பிளாட்பாரம் வரை நடந்த அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. 

அந்தச் சில நிமிடங்களுக்குப் பொருந்துவது ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு, அதாவது அனுமதியின்றி ரயில்வே இடத்தில் நுழைதல். உச்சபட்சம் 6 மாதச் சிறை, அல்லது 1,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரயில்வே பாதுகாப்புப் படையினர் கண்டித்து அனுப்பியதோடு விட்டுவிட்டார்கள். இவ்வகைக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஓராண்டுதான் காலவரம்பு. எனவே அந்தக் கதவு மூடிவிட்டது.

இனி போலீஸ் வழக்கு. 188-ஆவது பிரிவு அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது பற்றியது. உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து மூலம் புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் அதை எடுக்க முடியும் என்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ஆவது பிரிவு சொன்னது. அந்தக் குற்றத்துக்குப் போலீசார் தாமாக முதல் தகவல் அறிக்கை பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2018-இல் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாக்கியது. இந்த ஓட்டையை அடைக்கத்தான், போலீசார் தாமே வழக்குப் பதியக்கூடிய 269-ஐயும் சேர்ப்பார்கள். ஆனால் 269-க்கு, தன் செயல் உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடும் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ ஒருவர் அலட்சியமாக நடந்திருக்க வேண்டும். காய்ச்சல் இல்லாத மனிதர் தனியாகக் கார் ஓட்டி வீடு திரும்பியதில் யாருக்கு நோய் பரவும்?

இரண்டு பிரிவுகளுக்கும் காலவரம்பு ஓராண்டுதான். தொற்றுக் காலத்துக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கிலிருந்து விலக்கியது. அந்தச் சலுகையை அரசுத் தரப்புக்கே கொடுத்து எண்ணினாலும் 2023 பிப்ரவரியோடு கெடு முடிகிறது. அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலானதா என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் காவல் நிலையத்தையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் கொடுத்துத் தேடுங்கள். தாக்கலாகவில்லை என்றால், எந்த நீதிமன்றத்திலும் உங்கள் மீது வழக்கு நிலுவையில் இல்லை. பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு தடுப்பது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள நடவடிக்கையைத்தான். வெறும் முதல் தகவல் அறிக்கை அந்தத் தடைக்குள் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் விளக்கியிருக்கிறது. விண்ணப்பத்தில் மட்டும் எதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஊரடங்கு மீறல் தொடர்பான சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர், நம் சேலம் மாவட்டத்து எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். வன்முறையில் ஈடுபட்டது, முறைகேடாக இ-பாஸ் வாங்கியது, போலீசாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது ஆகியவைதான் விலக்கு. உங்கள் வழக்கு எதிலும் சேராது. அறிவிப்பு வந்தும் பதிவேட்டில் வழக்கை முடித்துக் குறிக்காமல் விடுவது சாதாரணமாக நடப்பதுதான். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, வழக்கின் தற்போதைய நிலையை எழுத்திலேயே கேளுங்கள். மனுவைப் பெற்றதற்கான ரசீதை வாங்காமல் வர வேண்டாம். குற்றப்பத்திரிகை இருந்தாலோ, பதிலே வராவிட்டாலோ, சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரி மனுத் தாக்கல் செய்யலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய சட்டத்தில் 528-ஆவது பிரிவு.

அதற்கு முன், அன்றைய டிக்கெட்டை யார் முன்பதிவு செய்தார்கள் என்று அத்தையிடம் கேளுங்கள். அவருடைய செல்பேசி மாறியிருந்தாலும், முன்பதிவு செய்தவரின் மின்னஞ்சலில் ஐஆர்சிடிசி அனுப்பிய கடிதம் இருக்கும். அதை அச்சிட்டு மனுவோடு இணையுங்கள்.